எங்கள் வீட்டுத் தானோட்டி

மதுரவாயல் பக்கம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் போலீஸார் எங்கள் காரை நிறுத்தினார்கள். மணி ஏழுகூட ஆகவில்லை. கொரட்டூரில் நண்பன் வீட்டில் மதிய விருந்தை முடித்துக்கொண்டு ஐயப்பன்தாங்கலுக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். விருந்து என்றால் வஞ்சிரம் வறுவல், மீன் குழம்பு, அதற்கு முன்னால் மூன்று கிளாஸ் விஸ்கி. விஸ்கி எனக்கு, ஸ்டீயரிங் என் மனைவிக்கு. இந்தப் பங்கீடு இருபது வருடமாகத் தகராறு இல்லாமல் நடந்துவந்தது. அதாவது, தகராறு இல்லை என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

கான்ஸ்டபிள் ஊதுகுழல் செருகிய கருவியை ஜன்னல் வழியாக நீட்டினார்.

"ஊதும்மா."

என் மனைவி ஊதினாள். இத்தனை வருடத்தில் எத்தனையோ தடவை ஊதியவள் அவள். பழகிய நாதஸ்வரக்காரரின் அலட்சியம் அந்த ஊதலில் வந்துவிட்டிருந்தது. கருவி பூஜ்யம் காட்டியது. கான்ஸ்டபிள் குனிந்து என்னைப் பார்த்தார். என்னை ஊதச் சொல்லத் தேவையே இருக்கவில்லை.

"சார் எவ்ளோ?"

"மூணு" என்றேன். அரசாங்கத்திடம் பொய் சொல்வதில்லை என்பது என் கொள்கைகளில் ஒன்று.

"குடுத்து வெச்சவரு சார் நீங்க. டிரைவர் ஊட்லயே கீறாங்க." பிறகு அவளைப் பார்த்து, சும்மா பேச்சுக்குக் கேட்டார்: "நீங்கல்லாம் சாப்ட மாட்டீங்களாம்மா?"

அவள் முதல் கியரைப் போட்டாள்.

"எனக்கு யாருங்க ஓட்டுவா?"

கோபமே இல்லை. கடைக்காரரிடம் சில்லறை இருக்கிறதா என்று கேட்கிற மாதிரியான குரல். கான்ஸ்டபிள் சிரித்தார். நானும் சிரித்தேன். வண்டி நகர்ந்த பிறகுதான் மூன்றாவது ஆள் சிரிக்கவில்லை என்பதைக் கவனித்தேன். தமிழில் பாதிக் கேள்விகள் பதில் வேண்டிக் கேட்கப்படுவதில்லை. எழுத்துத் தொழில் செய்கிறவனுக்கு இது தெரியும். இந்தக் கேள்வி அந்த வகையில் சேராது என்பது போரூர் வருவதற்குள் எனக்குப் புரிந்துவிட்டது. விஸ்கியும் கொஞ்சம் இறங்கிவிட்டது.

எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. என் பிழைப்பைச் சொன்னால் இது இன்னும் கேவலமாக இருக்கும். கார்களின் பயனர் கையேடுகளைத் தமிழில் மொழிபெயர்ப்பதுதான் என் வேலை. புதுக் கார் வாங்கினால் முன்சீட்டுப் பெட்டிக்குள் பிளாஸ்டிக் உறையோடு ஒரு தடித்த புத்தகம் இருக்குமே, யாரும் உறையைப் பிரிக்காத புத்தகம், அவற்றில் சில என் கைவண்ணம். ஓட்டத் தெரியாதவன் எழுதி, ஓட்டத் தெரிந்தவர்கள் படிக்காமல் விடுகிற இலக்கியம். அப்படிப் பார்த்தால் யாருக்கும் நஷ்டமில்லை. இதுபோக, பத்திரிகைகளில் அவ்வப்போது நகைச்சுவை என்ற பெயரில் ஏதாவது எழுதுவேன்.

ஓட்டக் கற்றுக்கொள்ளவே இல்லை என்றும் சொல்ல முடியாது. இருபது வருடத்துக்கு முன் முதல் கார் வாங்கியபோது இருவரும் சேர்ந்தே பயிற்சிக்குப் போனோம். நான்காம் நாள் காட்டுப்பாக்கத்தில் நடுரோட்டில் ஒரு மாடு படுத்திருந்தது. ஹாரன் அடிப்பது மரியாதையாகப் படவில்லை. நான் வண்டியை விட்டு இறங்கி மாட்டிடம் பேசப் போனேன். எனக்குப் பின்னால் ஒரு பஸ், இரண்டு லாரி, ஒரு கல்யாண வேன். கல்யாண வேனிலிருந்து என்ன சொன்னார்கள் என்பதை இங்கே எழுத முடியாது. ஐந்தாம் நாள் நான் போகவில்லை. அவள் போனாள்.

அதற்குப் பிறகு என்னிடம் ஒரு பதில் தயாராக இருந்தது. "இன்னும் அஞ்சு வருஷத்துல வண்டி தானாவே ஓடும். அப்புறம் எதுக்குக் கத்துக்கணும்?" ஐந்து வருடம் என்பது வசதியான காலம். நம்புவதற்குக் கிட்டத்தில் இருக்கும், மறப்பதற்குத் தூரத்தில் இருக்கும். இருபது வருடத்தில் அதை நான்கு முறை சொல்லியிருக்கிறேன்.

போன வருடம் உண்மையாகவே அப்படியொரு வண்டியின் கையேடு என்னிடம் மொழிபெயர்ப்புக்கு வந்தது. நம் ஊருக்கு எப்போது வரும் என்று தெரியாது, கையேட்டை மட்டும் முன்கூட்டியே தமிழாக்கி வைத்துக்கொள்கிறார்கள். 'தானியங்கி' என்ற சொல்லை ஏற்கெனவே கியருக்குக் கொடுத்துவிட்டோம். இரண்டு நாள் யோசித்து 'தானோட்டி' என்று ஒரு சொல்லை உண்டாக்கினேன். அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலை முடிந்து என் மனைவி வந்ததும் பெருமையாகச் சொன்னேன். அவள் அங்கே ஒரு ரப்பர் கம்பெனியில் தரக்கட்டுப்பாடு பார்க்கிறாள். குறையைக் கண்டுபிடிப்பதற்குச் சம்பளம் வாங்குகிறவள்.

"தானோட்டின்னா?"

"நாம எதுவும் செய்ய வேணாம். ஏறி உட்கார்ந்தா போதும். அதுவே கொண்டுபோய் விட்டுடும். தூங்கிக்கிட்டு வரலாம்."

"அதான் ஏற்கெனவே நம்ம வீட்ல இருக்கே" என்று சொல்லிவிட்டுக் கைக்கடிகாரத்தைக் கழற்றினாள்.

நான் அதை அப்படியே ஒரு கட்டுரையில் போட்டேன். வாசகர்கள் ரசித்தார்கள். போலீஸ் நிறுத்திய அன்று வீட்டுக்கு வந்ததும் அந்தக் கட்டுரையை எடுத்துப் படித்துப் பார்த்தேன். அதில் சிரிக்கிற ஆள் நான் ஒருவன்தான்.

இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. கார் வாங்குவதற்கு முந்தைய வருடம் பாண்டிச்சேரிக்குப் பஸ்ஸில் போயிருந்தோம். மொட்டைமாடியில் கூரை போட்ட ஓர் ஓட்டல். அவள் தானாகவே கேட்டு ஒரு கிளாஸ் பீர் வாங்கிக்கொண்டாள். ஒரு வாய் குடித்துவிட்டு, "வேப்பம்பூ ரசத்தை ஐஸ் பெட்டில வச்ச மாதிரி இருக்கு" என்றாள். முழுக் கிளாஸையும் குடித்தாள். அப்போது ஒரு காக்கா வந்து என் தட்டிலிருந்த வறுத்த முந்திரியில் ஒன்றை எடுத்தது, யோசித்தது, கீழே போட்டுவிட்டு வேறொன்றை எடுத்துக்கொண்டு போனது. அவள் சிரிக்க ஆரம்பித்தாள். விக்கல் கலந்த சிரிப்பு. பஸ் ஸ்டாண்டு வரைக்கும் என் தோளில் சாய்ந்துகொண்டு, விட்டு விட்டுச் சிரித்துக்கொண்டே வந்தாள். அதற்குப் பிறகு அவளுடைய பலவிதமான சிரிப்புகளைக் கேட்டிருக்கிறேன். மாமியார் வீட்டுக்கான சிரிப்பு, மேலதிகாரிக்கான சிரிப்பு, என் நகைச்சுவைக்கான சிக்கனமான சிரிப்பு. அந்த விக்கல் சிரிப்பை மறுபடி கேட்டதில்லை. அடுத்த வருடம் கார் வந்தது. இந்த இரண்டையும் நான் இத்தனை காலம் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கவில்லை.

மறுநாள் காலை காபி குடிக்கும்போது கேட்டேன்.

"உனக்குக் குடிக்கணும்னு தோணியிருக்கா?"

"குடிக்கணும்னு இல்லை." கொஞ்சம் யோசித்தாள். "ஒரு தடவை பக்கத்து சீட்ல உட்கார்ந்து வரணும். ரோட்டைப் பார்க்காம. கண்ணாடியப் பார்க்காம. எங்க பிரேக் போடணும்னு நினைக்காம. உள்ள ஒரு கிளாஸ் பீர் இருந்தா அது நல்லா வரும்னு தோணுது."

"டாக்சி வெச்சுக்கலாமே."

"டாக்சிக்காரர் கண்ணாடில பார்த்துக்கிட்டே வருவாரு, பொம்பளை குடிச்சிருக்குன்னு. நான் முந்தானையச் சரி பண்ணிக்கிட்டு விறைப்பா உட்கார்ந்து வரணும். அதுக்கு நானே ஓட்டிரலாம்." டம்ளரைக் கழுவி வைத்தாள். "கார்த்திகையில எனக்கு அம்பது. அதுக்குள்ள உங்க தானோட்டி வந்துடுமா?"

அப்போது ஆடி மாதம்.

கொரட்டூர் நண்பனுக்குப் போன் செய்தேன். எஸ்டேட்டில் லேத் பட்டறை வைத்திருக்கிறான். ஏரிக்கரையிலேயே பிறந்து வளர்ந்தவன்.

"இதுக்கா மாமே ஃபீல் பண்ணிகினு கீறே? நம்ம புது வண்டி கீதே. அது தானா போவும். தங்கச்சி ஒரு பீரப் போட்டுகினு ஸ்டீயரிங் முன்னாடி சும்மா குந்திகினு வந்தா போதும். நாளைக்கே காட்றேன் வா."

அவனுடைய புதுக் காருக்குச் சாலைக் கோடுகளைப் பார்த்து அவற்றுக்குள்ளேயே போகத் தெரியும். முன்னால் வண்டி வந்தால் வேகத்தைக் குறைக்கத் தெரியும். பைபாஸில் ஏறியதும் அவன் இரண்டு கையையும் ஸ்டீயரிங்கிலிருந்து எடுத்துத் தலைக்குப் பின்னால் வைத்துக்கொண்டான். நான் அவன் பக்கத்தில். என் மனைவி பின்சீட்டில். கொஞ்ச நேரத்தில் வண்டி கீச்கீச்சென்று கத்தியது. அவன் ஸ்டீயரிங்கை லேசாகத் தட்டிக்கொடுத்தான். கத்தல் நின்றது. மறுபடி கத்தியது, மறுபடி தட்டினான். தொட்டிலை ஆட்டாவிட்டால் அழுகிற குழந்தை போல இருந்தது.

"பாத்தியா? நானா ஓட்றேன்?"

அம்பத்தூர் பக்கம் இறங்குகிற இடத்தில் சாலையில் வெள்ளைக் கோடு அழிந்துபோயிருந்தது. வண்டி சற்று யோசித்துவிட்டுப் பக்கத்தில் போன தண்ணீர் லாரியைக் கோடு என்று முடிவு செய்தது. நண்பன் பாய்ந்து ஸ்டீயரிங்கைப் பிடித்தான். அவனுக்குத் தெரிந்த சில சொற்களைச் சொன்னான். பிறகு பின்னால் பெண் இருப்பது ஞாபகம் வந்து, "சாரிமா" என்றான்.

"பரவால்லண்ணே" என்றாள் என் மனைவி. "ஒண்ணு கேட்கட்டா? போலீஸ் நிறுத்துனா யாரு ஊதறது? வண்டியா, நானா?"

அவன் யோசித்தான். "நீதாம்மா."

"அப்போ ஓட்டுனது யாருன்னு அர்த்தம்?"

நண்பன் இரண்டு கையாலும் ஸ்டீயரிங்கைப் பிடித்து ஓட்டினான். வெகுதூரம் போன பிறகு என் பக்கம் சாய்ந்து, "இன்னா மாமே, தங்கச்சி வக்கீலுக்கு எதுனா படிச்சிக்கீதா?" என்றான்.

அவள் கேட்டது கையேட்டில் நானே எழுதிய விஷயம். இந்த வசதி ஓர் உதவி மட்டுமே, எந்நேரமும் முழுப் பொறுப்பு ஓட்டுநருடையதே என்று எட்டு இடத்தில் எழுதியிருக்கிறேன். பிளாஸ்டிக் உறையைப் பிரிக்காதவர்களில் நானும் ஒருவன் போலிருக்கிறது.

வக்கீல் எங்கள் குடியிருப்பிலேயே இருக்கிறார், மூன்றாம் மாடியில். லிஃப்டில் பிடித்தேன்.

"சார், சட்டத்துக்குத் தெரிஞ்சது ரெண்டே பேர்தான்" என்றார். "குடிச்சிட்டு ஓட்டறவன், குடிச்சிட்டு ஓட்ட முயற்சி பண்றவன். தானா ஓடற வண்டியே நம்ம சட்டத்துல இன்னும் பொறக்கல. ஸ்டீயரிங் முன்னாடி யாரு இருக்காங்களோ அவங்க கழுத்துலதான் மாலை விழும்."

"பக்கத்து சீட்ல இருக்கிறவங்க?"

"ஓட்டறவர் சுத்தமா இருந்தா பக்கத்துல இருக்கிறவர் குடிச்சிருக்கலாம். வண்டில வச்சே பாட்டிலத் திறக்கக் கூடாது, அது வேற கேஸ். ஓட்டறவரும் குடிச்சிருக்காருன்னு தெரிஞ்சே கூட உட்கார்ந்தா உங்களையும் சேர்த்து இழுப்பாங்க." என் மாடி வந்தது. கதவு மூடாமல் காலை நடுவில் வைத்துக்கொண்டு, "நீங்க எப்பவும் பக்கத்து சீட்டுதானே சார், உங்களுக்கு என்ன?" என்றார். குடியிருப்பு முழுக்கத் தெரிந்திருக்கிறது.

வெளிநாட்டு விவரங்களையும் படித்துப் பார்த்தேன். வாடகைக்கு வருகிற ஆளில்லா வண்டியின் பின்சீட்டில் குடித்துவிட்டு உட்கார்ந்திருப்பவர் சில ஊர்களில் பயணி. சட்டம் மூக்கைப் பொத்திக்கொண்டு விட்டுவிடுகிறது. அதே மனிதர் சொந்தக் காரில், ஸ்டீயரிங் முன்னால், வண்டியைத் தானே ஓட விட்டுவிட்டு உட்கார்ந்திருந்தால் ஓட்டுநர், சட்டம் பிடித்துக்கொண்டு போகிறது. கை மடியில்தான் இருக்கிறது, இரண்டு இடத்திலும். ஒரே ஒரு சொல்தான் வித்தியாசம். இத்தனை நாள் அந்தச் சொற்களை எண்ணிக் கூலி வாங்கியிருக்கிறேன். எதில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பார்த்ததில்லை.

அந்த மாதங்களில் எங்கள் பால்கனிக்கு எதிரே, தூண்களுக்கு மேல், ஓட்டுநர் இல்லாத மெட்ரோ ரயிலைச் சோதனைக்காக ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். விளக்கெல்லாம் எரிய, ஓர் ஆளும் இல்லாமல், பூந்தமல்லிப் பக்கம் போகும், திரும்பி வரும். என் மனைவி துணி உலர்த்திக்கொண்டே அதைப் பார்த்தாள்.

"அதுல குடிச்சிட்டுப் போகலாமா?"

நான் அதையும் தேடிப் பார்த்தேன். கூடாது. ரயிலில் பயணியே போதையில் இருந்தால் இறக்கிவிடலாம், அபராதமும் உண்டு. மோப்பம் பிடிக்க ஓட்டுநர் இல்லாத இடத்தில் சட்டம் பயணியை மோப்பம் பிடிக்கிறது.

"அதுவும் இல்லாம அது கொரட்டூர் போகாது" என்றேன்.

"அப்போ ஒரே வழிதான்." கடைசித் துணிக்குக் கிளிப் மாட்டிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

நான் ஓட்டக் கற்றுக்கொள்வதென்று எல்.எல்.ஆர். எடுத்தேன், அதாவது பழகுநர் உரிமம். கணினியில் கேட்ட கேள்விகள் அனைத்துக்கும் சரியான விடை. அவற்றில் பாதி என் கையேடுகளில் வருபவை. உடனே எனக்குக் குறுக்குப் புத்தி வேலை செய்தது. எல் போர்டு மாட்டிக்கொண்டு நானே ஓட்டலாமே, கார்த்திகை வரைக்கும் எதற்குக் காத்திருக்க வேண்டும்? மறுபடி லிஃப்ட்.

"பக்கத்துல லைசென்ஸ் இருக்கிறவங்க உட்காரணுமே சார்" என்றார் வக்கீல்.

"மனைவி உட்காருவா."

"அவசரத்துக்கு வண்டிய நிறுத்தற மாதிரி உட்காரணும். அப்போ அவங்க பயணி இல்ல, வாத்தியார். வாத்தியார் குடிச்சிட்டு வகுப்புக்கு வரலாமா?" பிறகு என் முகத்தைப் பார்த்து இரக்கப்பட்டு, "முழு லைசென்ஸ் எடுத்துடுங்க. ஓட்ட முயற்சி பண்றவர்ங்கற ஸ்தானத்துல நீங்க ரொம்ப நாள் இருக்க வேணாம்" என்றார்.

பயிற்சிப் பள்ளியில் எனக்கு வாய்த்த ஆசிரியை நசரத்பேட்டைக்காரர். முப்பது வயது இருக்கும். என்னை அங்கிள் என்று கூப்பிட்டார். கண்டிப்பையெல்லாம் அந்த ஒரு சொல்லிலேயே ஏற்றி இறக்கினார்.

"அங்கிள், கிளட்ச். அங்கிள், அது வைப்பர். அங்கிள், பஸ்காரன் உங்க மேல கோவத்துல வரல, அவன் ரூட்டே அதுதான்."

இரண்டு வாரத்தில் எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது. குறிப்பாக என் பிரேக்கின் மீது. எங்கே நிறுத்த வேண்டுமோ அங்கே வண்டி பஞ்சு போல நின்றது. காட்டுப்பாக்கத்தில் ஒருநாள் மாடு குறுக்கே வந்தது. அதே மாடாக இருக்க முடியாது, அதன் பேத்தியாக இருக்கலாம். வண்டி அதற்கு இரண்டு முழம் முன்னால் அழகாக நின்றது.

"எப்படி?" என்றேன் பெருமையாக.

"அங்கிள், நீங்க மிதிச்சது கிளட்ச்" என்றார் அவர். குனிந்து பார்த்தேன். அவர் காலடியிலும் ஒரு பிரேக் இருந்தது. இரண்டு வாரமாக வண்டியை நிறுத்திக்கொண்டிருந்தவர் அவர். இருபது வருடமாக நான் எதிர்பார்த்த தானோட்டி வண்டி நம் ஊரில் பயிற்சிப் பள்ளி வடிவத்தில் எப்போதோ வந்துவிட்டது.

தினமும் நான் திரும்பி வந்ததும் என் மனைவி ஒன்று மட்டும்தான் கேட்பாள்: "மாடு வந்துச்சா?" வேறு அறிவுரை கிடையாது. நானாக ஏதாவது சந்தேகம் கேட்டால், "அவங்ககிட்ட கேளுங்க. இதுல நான் வாத்தியார் இல்லை" என்பாள். ஒருநாள், கியர் மாற்றுகிற கை ஏன் இப்படி வலிக்கிறது என்றேன். தன் இடது உள்ளங்கையை விரித்துக் காட்டினாள். விரல்களுக்குக் கீழே சின்னக் காய்ப்பு ஒன்று. இருபது வருடத்தில் எத்தனையோ முறை பிடித்த கை. அது எதனால் என்று கேட்கத் தோன்றியதே இல்லை. பாத்திரம் தேய்ப்பதால் என்று நினைத்திருப்பேன் போலிருக்கிறது. கேட்காதது அதிக வெட்கமா, அப்படி நினைத்தது அதிக வெட்கமா என்று இன்னும் தீர்மானிக்கவில்லை.

தேர்வில் எட்டுப் போடச் சொன்னார்கள். தமிழ் எண்களில் எட்டுக்கு 'அ' என்ற எழுத்தின் உருவம்தான். ஐம்பத்திரண்டு வயதில் மறுபடி அகரத்திலிருந்து தொடங்குகிறேன் என்று மனதுக்குள் ஒரு வாக்கியம் தயாரித்துக்கொண்டே போனேன். அதனால் திரும்ப வேண்டிய இடத்தில் திரும்பவில்லை. ஒரு குச்சி சாய்ந்தது.

"சார், எட்டுதான் கேட்டோம். நீங்க மூணு போட்டிருக்கீங்க" என்றார் ஆய்வாளர். தூரத்தில் ஆசிரியை, "அங்கிள்" என்று மட்டும் சொன்னது கேட்டது.

ஐப்பசி முழுக்க மழை. இரண்டாவது தேர்வு இருமுறை தள்ளிப்போனது. ஒருநாள் என் மனைவி நாட்காட்டியில் கார்த்திகைத் தாளைத் தூக்கிப் பார்த்துவிட்டுக் கீழே விட்டதை நான் பார்த்தேன். அன்றிலிருந்து எழுதுகிற வேலையை ஓரமாக வைத்துவிட்டு, நாற்காலியில் உட்கார்ந்து சாப்பாட்டுத் தட்டைப் பிடித்துக்கொண்டு எட்டுப் போட்டேன். இரண்டாவது தடவை மனதுக்குள் வாக்கியம் எதுவும் தயாரிக்கவில்லை. குச்சி எதுவும் சாயவில்லை.

அவளுடைய பிறந்தநாளுக்கு அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமை, எல் போர்டு இல்லாத காரில், நான் அவளைக் கொரட்டூருக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அரைமணி நேரப் பயணத்துக்கு ஒன்றேகால் மணி நேரம். வழியெல்லாம் அவளுடைய வலது கால் இல்லாத பிரேக் ஒன்றை மிதித்துக்கொண்டே வந்தது. வாய் மட்டும் திறக்கவில்லை. அதற்கு எவ்வளவு பிரயாசை வேண்டியிருக்கும் என்று எனக்குத் தெரியும்.

நண்பன் வாசலிலேயே நின்றிருந்தான்.

"நீயா ஓட்டிகினு வந்தே? வர்ற வழில எத்தினி பேரு மாமே உசுரோட கீறான்?"

எனக்கு மோர் கொடுத்தார்கள். ஏரி தெரிகிற பால்கனியில் நாற்காலி போட்டு என் மனைவிக்கு ஒரு கிளாஸ் பீர். நண்பனின் மனைவி எல்லாரையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, "எனக்கும் ஒரு வாய் குடு" என்று டம்ளரை நீட்டினாள். நண்பன் ஏதோ சொல்ல வாயெடுத்து, சொல்லாமல் வறுவலைப் பார்க்கப் போனான். பெண்கள் இருவரும் பால்கனிக் கதவைச் சாத்திக்கொண்டார்கள்.

நான் உள்ளே நண்பனோடும் அவனுடைய மச்சானோடும் மோர் டம்ளருடன் உட்கார்ந்திருந்தேன். அந்த மதியம் எனக்கு ஒரு பெரிய உண்மை தெரியவந்தது. மூன்றாவது கிளாஸுக்குப் பிறகு மனிதர்கள் சொல்கிற நகைச்சுவை நகைச்சுவையே இல்லை. நண்பன் ஒரு கதையைச் சொன்னான். இரண்டு தடவை சொன்னான். அது என்னுடைய கதை. இதே அறையில், இதே நாற்காலியில், நான் வருடக்கணக்காகச் சொல்லிவந்த கதை. மோரோடு கேட்டபோது அதில் ஒன்றுமே இல்லை. இதைத்தான் இருபது வருடம் அவள் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், பிறகு வண்டியை எடுத்துக்கொண்டு வந்து பத்திரமாக என்னை வீட்டில் சேர்த்தாள்.

ஐந்து மணிக்குக் கிளம்பினோம். அவள் கிளாஸைக் காலி செய்திருந்தாள். இரண்டாவது வேண்டாம் என்றுவிட்டாளாம். சீட் பெல்ட்டைப் போட்டுக்கொண்டு, சீட்டைக் கொஞ்சம் பின்னால் சாய்த்துக்கொண்டாள். பைபாஸ் ஏறும் வரை அவளுடைய கால் வேலை செய்துகொண்டுதான் இருந்தது. "லாரி" என்றாள் ஒருமுறை. "பார்த்தேன்" என்றேன். "பார்த்தீங்கன்னா சரி."

அயனம்பாக்கம் பக்கம் வரும்போது, தைரியம் வந்து ஒரு நொடி திரும்பிப் பார்த்தேன். அவளுடைய கால் ஓய்ந்திருந்தது. தலையை ஜன்னல் பக்கம் சாய்த்திருந்தாள்.

"இங்க ஒரு ஏரி இருக்கா?" என்றாள்.

"இருக்கே. எப்பவும் இருக்கு."

"எனக்குத் தெரியவே தெரியாது. தினமும் இந்த ரோட்லதானே வேலைக்குப் போறேன்." கழுத்தைத் திருப்பி அது மறையும் வரை பார்த்தாள். "எவ்வளவு தண்ணி."

எனக்கு ஸ்டீயரிங்கைக் கொஞ்சம் இறுக்கிப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. நான் அந்த ஏரியை எத்தனையோ தடவை, மூன்று கிளாஸ் விஸ்கியோடு, சாய்ந்து உட்கார்ந்து பார்த்துக்கொண்டே வந்திருக்கிறேன். அதை வைத்து ஒரு கட்டுரைகூட எழுதியிருக்கிறேன்.

மதுரவாயலில் அன்று போலீஸ் நின்றிருந்தது. நான் வேகத்தைக் குறைத்தேன், ஜன்னல் கண்ணாடியை இறக்கினேன், மூச்சை இழுத்துத் தயாராக வைத்துக்கொண்டேன். வாழ்க்கையில் முதல்முறையாக ஊதப் போகிறேன், பூஜ்யம் வாங்கப் போகிறேன். டீ குடித்துக்கொண்டிருந்த கான்ஸ்டபிள் எங்களைப் பார்த்து, போ போ, வழியை மறிக்காதே என்று கையை ஆட்டினார். அவ்வளவுதான்.

"வருத்தமா இருக்கா?" என்றாள்.

"கொஞ்சம்."

"வீட்ல பிறந்தநாள் பலூன் மிச்சம் இருக்கு. போய் ஊதுங்க."

குடியிருப்பின் கீழ்த்தளத்தில் எங்கள் இடத்தில் வண்டியைப் பின்பக்கமாகத்தான் நுழைக்க வேண்டும். எட்டுப் போடத் தெரிந்தவனுக்கு இது தெரியும் என்று யாரும் நினைக்கக் கூடாது. நான்காவது முயற்சியில் கார் எங்கள் இடத்தில் பாதியும் வக்கீல் இடத்தில் பாதியுமாகக் குறுக்கே நின்றது. அதற்கு மேல் முன்னாலும் போகவில்லை, பின்னாலும் போகவில்லை. சரியாக அந்த நேரம் பார்த்து வக்கீல் தன் காரோடு உள்ளே வந்து ஒளியைப் பாய்ச்சினார்.

"இருங்க, நான் எடுக்கறேன்" என்று அவள் கதவில் கை வைத்தாள்.

"கூடாது" என்றேன். "நீ குடிச்சிருக்கே. சட்டப்படி, குடிச்சிட்டு ஓட்ட முயல்பவர்."

அவள் என்னைப் பார்த்தாள். குறுக்கே நிற்கிற காரைப் பார்த்தாள். பின்னால், இடத்தைத் தேர்ந்தெடுக்கத் தெரியாத காக்கா மாதிரி முன்னும் பின்னும் வந்துகொண்டிருந்த வக்கீலின் காரைப் பார்த்தாள். முதலில் விக்கல்தான் வந்தது. பிறகு அந்தச் சிரிப்பு. என் தோளில் தலையை முட்டிக்கொண்டு, நிறுத்தப் பார்த்து முடியாமல், கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். வக்கீல் கண்ணாடியை இறக்கி ஏதோ கேட்க வந்தவர், கேட்காமல், தன் வண்டியை வெளியே தெருவில் நிறுத்தப் போய்விட்டார். நல்ல மனிதர்.

இன்ஜினை அணைத்தேன்.

"இறங்கலையா?"

"நீங்க போங்க. நான் இன்னும் கொஞ்ச நேரம் பயணியா இருக்கேன்."

நானும் போகவில்லை. குறுக்கே நின்ற காரில் இருவரும் உட்கார்ந்திருந்தோம். மேலே தூண்களின் மீது ரயில் ஒன்று யாருமில்லாமல் போகிற சத்தம் கேட்டது. ஹேண்ட் பிரேக் போட்டீங்களா என்று அவள் கேட்கவில்லை. போட்டிருந்தேன்.